பதினாலா, பதினஞ்சா, பதினேழா: ஸ்விஃப்ட்டுக்குப் பெரிய வீல் போடலாமா?

வண்டி 2018 மாடல் மாருதி ஸ்விஃப்ட், விஎக்ஸ்ஐ, பெட்ரோல். ஆந்திரா முழுக்க ஏபி 39 என்று ஒரே நம்பர் வருவதற்கு முந்தைய வண்டி என்பதால் ஏபி 03, அக்மார்க் சித்தூர் நம்பர். கம்பெனியிலிருந்து வந்ததே 14 அங்குல இரும்பு டிஸ்க்கும் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் கப்பும்தான். இப்போது நாலு டயரிலும் பட்டன் தேய்ந்து மாற்றியே ஆகவேண்டிய நிலை. டயரை மட்டும் மாற்றுவது என்றால் அரை நாளில் முடிகிற வேலை. ஆனால் "எப்படியும் செலவு பண்றோம், அப்படியே பெரிய அலாய் போட்டுடலாமே" என்கிற யோசனை ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் அதை வெளியே அனுப்புவது லேசில்லை.

எங்கள் வீட்டுக்குள் அதைக் கொண்டுவந்தவன் அக்கா மகன். திருப்பதியில் இன்ஜினியரிங் படிக்கிறான்.

"மாமா, காணிப்பாக்கம் கிராஸ்ல நின்னா டாக்ஸின்னு நெனச்சு கை காட்டுறாங்க. பதினேழு இஞ்ச் போடுங்க, வண்டியே வேற லெவல்ல நிக்கும்."

ரேணிகுண்டா ரோட்டில் ஒரு டயர் கடையில் விசாரித்தேன். கடைக்காரர் தெலுங்கில் ஆரம்பித்து, நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் தமிழுக்கு வந்துவிட்டார். "பதினேழு வேணாம் சார், அது பசங்க போடுறது. பதினாறு போடுங்க. பலேனோவுக்கு கம்பெனியே குடுக்குற சைஸ். அரை லட்சத்துக்கு மேல கொஞ்சம் ஆகும், ஆனா நச்சுனு உக்காந்துக்கும்."

வீட்டுக்காரம்மா கருத்து தனி: "உள்ள உக்காந்திருக்கறவங்களுக்கு வீல் தெரியப் போறதில்ல. மொதல்ல சீட் கவர மாத்துங்க."

மூன்று பேருக்கும் பதில் சொல்ல வேண்டுமே என்று பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். அந்தக் கணக்கும் அதிலிருந்து வந்த முடிவும்தான் இந்தப் பதிவு. வேறு வண்டி வைத்திருப்பவர்களும் எண்களை மாற்றிப் போட்டுக்கொண்டால் போதும், வழி ஒன்றுதான்.

டயர்மேல் எழுதியிருப்பது

என் வண்டி டயரின் பக்கவாட்டில் 165/80 R14 85T என்று இருக்கிறது. 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்கிற கணக்கு. ஆக 165-ல் 80 சதவீதம், 132 மில்லிமீட்டர். R என்றால் ரேடியல். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 85 என்பது சுமைக் குறியீடு, ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்று பொருள். T என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வரை போகலாம். சித்தூரிலிருந்து திருப்பதி வரை ஆறு வழிச் சாலை போட்டிருந்தாலும் அந்த T நமக்குத் தேவைப்படப் போவதில்லை.

ஒரே டயரில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் என்று மூன்று அளவுமுறை கலந்திருப்பதால்தான் பலருக்குக் குழப்பம். ஆனால் மொத்த விட்டம் கண்டுபிடிப்பது சுலபம். பக்கச்சுவர் மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ரிம். 132-ஐ இரட்டித்தால் 264. பதினாலு அங்குலம் 355.6 மில்லிமீட்டர். கூட்டினால் 619.6.

இதே ஸ்விஃப்ட்டின் மேல் ரகமான இசட்எக்ஸ்ஐ-க்கு மாருதி கொடுத்தது 185/65 R15. கணக்குப் போட்டால் 621.5. கடைக்காரர் சொன்ன பலேனோ அளவு 195/55 R16. அது 620.9. மருமகன் கேட்கும் பதினேழுக்குப் பொதுவாகப் போடுகிற 205/45 R17, 616.3.

நாலு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரிம் பதினாலிலிருந்து பதினேழுக்குப் போகிறது. ஆனால் தரையில் உருளும் சக்கரத்தின் மொத்த உயரம் ஏறக்குறைய அதே 620-ஐச் சுற்றியே நிற்கிறது. ரிம் வளர வளர ரப்பர் குறைகிறது. பெரிய வீல் என்று நாம் சொல்வது உண்மையில் பெரிய உலோகமும் சின்ன டயரும்தான். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மீதி முடிவு தானாக வரும்.

வண்டி உயருமா?

பெரிய வீல் போட்டால் வண்டி தூக்கலாக நிற்கும், வேகத்தடையில் அடி தட்டாது என்று நம்பிப் போடுகிறவர்கள் நிறைய. மேலே உள்ள கணக்குப்படி பதினேழுக்குப் போனால் வண்டி உயராது, ஒன்றரை மில்லிமீட்டர் இறங்கும். ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி 163 மில்லிமீட்டர். அதில் ஒன்றரை போனாலும் வந்தாலும் தெரியாது. ஆனால் ஐம்பதாயிரம் செலவழித்து உயரம் வாங்குகிறோம் என்று நினைத்தால் அது கிடைக்கவில்லை.

உயரம்தான் வேண்டும் என்று 205/50 R17 போட்டால்? விட்டம் 636.8, அதாவது 17 மில்லிமீட்டர் கூடுதல். ஆனால் அச்சு சக்கரத்தின் நடுவில் இருப்பதால் வண்டிக்குக் கிடைப்பது அதில் பாதி, எட்டரை மில்லிமீட்டர். அதற்குக் கொடுக்கும் விலை வேறு. சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றில் வண்டி கூடுதல் தூரம் போகும், மீட்டருக்கு அது தெரியாது. இந்த அளவில் வித்தியாசம் ஏறக்குறைய 2.8 சதவீதம். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது சக்கரக் கணக்குப்படி 102.8. வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பது ஐ.நா. வாகன விதி 39. அதனால் கம்பெனிகள் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படியே மீட்டரை அமைக்கிறார்கள். பெரிய டயர் அந்தப் பாதுகாப்பு இடைவெளியைத் தின்றுவிடும்.

இதில் இன்னொரு வேடிக்கை. ஓடோமீட்டரும் அதே கணக்கில் குறைத்துத்தான் காட்டும். "பெரிய வீல் போட்டதிலிருந்து மைலேஜ் விழுந்துடுச்சு" என்று புலம்புகிறவர்களின் கணக்கில் ஒரு பங்கு இப்படி மீட்டர் விழுங்கிய கிலோமீட்டர். மீதிப் பங்கு உண்மையானது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பழைய அம்பாசடரை நினைத்துப் பாருங்கள். 2014-ல் உற்பத்தி நிற்கும் வரை மண் ரோடு, கல் ரோடு என்று எல்லாவற்றிலும் ஓடிய வண்டி. அதன் ரிம் 15 அங்குலம், டயர் 5.90-15. அந்தக் காலத்திலேயே பதினஞ்சு! அடுத்து வந்த மாருதி 800-க்கு 145/70 R12, வெறும் பன்னிரண்டு. அம்பாசடர் குழியைச் சட்டை செய்யாமல் போனதற்குக் காரணம் ரிம் பெரிது என்பதல்ல. சக்கரமே மொத்தத்தில் பெரிது, ரிம்முக்கு வெளியே தாராளமாக ரப்பரும் காற்றும் இருந்தன. இன்றைய அலாய்க்காரர்கள் பதினஞ்சைக் கூட்டுகிறார்கள், ரப்பரைக் கழிக்கிறார்கள்.

பக்கச்சுவர்தான் விஷயம்

132, 120, 107, 92. பதினாலு, பதினஞ்சு, பதினாறு, பதினேழு அங்குல ரிம்களுக்கு முறையே பக்கச்சுவர் உயரம், மில்லிமீட்டரில். பதினாலிலிருந்து பதினஞ்சுக்குப் போனால் இழப்பு 12 மில்லிமீட்டர், பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பதினாறில் 25, கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. பதினேழில் 40, அதாவது பத்தில் மூன்று பங்கு ரப்பர் காணாமல் போகிறது.

ஒரு குழியில் சக்கரம் இறங்கும்போது முதல் அடியை வாங்குவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் அல்ல, டயர்தான். பக்கச்சுவர் வளைந்து கொடுக்கிறது, உள்ளே காற்று அழுந்துகிறது. அந்த வளைவுக்கு இடம் இருக்கும்வரை ரிம்முக்கு ஆபத்தில்லை. இடம் தீர்ந்துவிட்டால் குழியின் விளிம்புக்கும் ரிம்மின் விளிம்புக்கும் நடுவில் ரப்பர் நசுங்கும். உள்ளே இருக்கும் நூல் அறுந்து பக்கவாட்டில் வீக்கம் கிளம்பும். வீங்கிய டயரைப் பஞ்சர் கடையில் சரிசெய்ய முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். அலாய் ரிம் என்றால் விளிம்பு மடங்கும், வார்ப்பு மட்டமாக இருந்தால் வெடிக்கும். இரும்பு டிஸ்க் பெரும்பாலும் வளைவதோடு நிற்கும். சுத்தியலால் தட்டி நிமிர்த்தி ஓட்டிக்கொண்டு போகிறவர்களை நம் பக்கத்தில் இன்றும் பார்க்கலாம்.

இங்கேதான் நம்ம ஊர் சாலைகளைப் பேச வேண்டும். சித்தூரிலிருந்து பூதலப்பட்டு, தாமலசெருவு பக்கமாகச் சந்திரகிரி வழியே திருப்பதி போகும் நெடுஞ்சாலை நன்றாகவே இருக்கிறது. அதில் மட்டும் ஓட்டுகிறவர் பதினேழு போட்டாலும் பிழைத்துக்கொள்வார். ஆனால் யார் வீடும் நெடுஞ்சாலையின் நடுக்கோட்டில் இல்லை. மாங்காய் சீசனில் தாமலசெருவு மண்டி பக்கமோ, பங்காருபாளையம் தோப்புகள் பக்கமோ இறங்கிப் பாருங்கள். தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள் வரிசையில் நிற்கும். ஒதுங்க வேண்டும் என்றால் தார் விளிம்பிலிருந்து மண்ணில் இறங்கித்தான் ஏற வேண்டும். அந்தத் தார் விளிம்பு கத்தி மாதிரி நிற்கும். கங்காதர நெல்லூர், பெனுமூர் பக்கம் ஊருக்கு ஊர் வேகத்தடை, பலவற்றில் வெள்ளைக்கோடுகூட இல்லை.

மழைக்காலம் தனிக்கதை. வடகிழக்குப் பருவமழை இந்தப் பக்கம் சில வருடம் வெறிபிடித்துப் பெய்யும். 2021 நவம்பரில் திருப்பதி நகரமே தண்ணீரில் நின்றது. ராயலசெருவு ஏரி உடையுமோ என்று கீழ் ஊர்களைக் காலி செய்தார்கள். டிசம்பர் முதல் தேதி திருமலை ஏறும் பாதையில் பாறை சரிந்தது. அப்படிப்பட்ட மழைக்குப் பிறகு சாலையில் எது குட்டை, எது குழி என்று கண்ணுக்குத் தெரியாது. இறங்கிய பிறகுதான் தெரியும். அந்த நேரத்தில் ரிம்முக்கும் குழிக்கும் நடுவில் 132 இருக்கிறதா, 92 இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அகலமான டயர் மழையில் நன்றாகப் பிடிக்கும் என்று ஒரு நம்பிக்கை. காய்ந்த தாரில் வளைவில் பிடிமானம் கூடும், உண்மை. தேங்கிய தண்ணீரில் அகலம் எதிராக வேலை செய்யும். அகலமான டயர் கூடுதல் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டியிருப்பதால், தண்ணீர் மேல் மிதக்க ஆரம்பிக்கும் வேகம் குறைகிறது. மழைப் பிடிமானத்துக்கு நல்ல பட்டன் ஆழமும் நல்ல ரப்பரும் முக்கியம். சட்டப்படி கார் டயரில் 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் போதும். மழைக்காலத்துக்கு அது போதாது.

எடை, சுமை, இழுவை

அலாய் என்றாலே லேசு என்று நினைக்கிறோம். அதே அளவில் நல்ல அலாய் இரும்பைவிட லேசாக இருக்கலாம். ஆனால் பதினாலு இரும்புக்குப் பதில் அகலமான பதினேழு அலாய் வரும்போது, அதுவும் மலிவான வார்ப்பு என்றால், எடை குறைவதற்குப் பதில் கூடுகிற வாய்ப்பே அதிகம். கடையில் ஒரு தராசு கேட்டு இரண்டையும் டயரோடு நிறுத்துப் பாருங்கள். விளம்பரத்தைவிடத் தராசு நம்பகமானது.

எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ரிம் பெரிதாகும்போது உலோகம் மையத்தை விட்டு வெளியே நகர்கிறது. கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டிச் சுற்றினால், கயிறு நீள நீளச் சுற்றுவதற்கும் கஷ்டம், நிறுத்துவதற்கும் கஷ்டம். சக்கரத்திலும் அதுதான். ஒவ்வொரு முறை சிக்னலில் நின்று கிளம்பும்போதும் இன்ஜின் கொஞ்சம் கூடுதல் வேலை செய்கிறது, பிரேக்கும்தான். இதோடு அகலமான டயரின் உருளும் தடையும் சேர்ந்தால் மைலேஜ் உண்மையிலேயே குறையும். லீலா மகால் சர்க்கிள் பக்கம் தினமும் ஊர்ந்து போகிறவருக்கு இது பெட்ரோல் பில்லில் தெரியும். கருட வாரதி மேம்பாலம் வந்த பிறகு திருப்பதிக்குள் ஓரளவு மூச்சு விட முடிகிறது என்றாலும், அந்த மேம்பால வேலை நடந்த காலத்தில் அந்தச் சாலைகளில் ஓட்டியவர்களுக்கு நான் பக்கச்சுவரைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, மருமகனுக்கு இதைச் சொன்னபோது அவன் நம்பவில்லை. என் பழைய பதினாலு டயரின் சுமைக் குறியீடு 85, அதாவது 515 கிலோ. சாதாரண 205/45 R17 டயரின் குறியீடு 84, அதாவது 500 கிலோ. பார்க்கப் பெரிதாக இருக்கும் டயர் தாங்குவது குறைவு! சுமையைத் தாங்குவது ரப்பரோ உலோகமோ அல்ல, உள்ளே இருக்கும் காற்று. பக்கச்சுவரைக் குறைத்தால் காற்றுக்கு இடம் குறைகிறது. கூடுதல் சுமைக்கென்று தனியாக வரும் எக்ஸ்எல் ரகத்தில் 88 கிடைக்கும், ஆனால் அதற்குக் காற்றழுத்தமும் கூட வைக்க வேண்டும், ஓட்டம் இன்னும் கடினமாகும். ஒப்பிட்டால் 185/65 R15-க்குச் சாதாரணமாகவே 88, 560 கிலோ.

"அப்போ பதினேழு போட்ட வண்டியெல்லாம் ஓடலையா மாமா?"

ஓடுகிறது. பதினேழை நினைத்தே வடிவமைத்த வண்டிகள் நன்றாக ஓடுகின்றன. அதன் ஸ்பிரிங், ஷாக், ஸ்டீயரிங், சக்கர வளைவுக்குள் இருக்கும் இடம் எல்லாம் அந்த அளவுக்குப் பார்த்துச் செய்தவை. நம் வண்டி அப்படிச் செய்ததல்ல, அவ்வளவுதான்.

திருமலைக்குப் போகிறவர்களுக்கு

இந்த ஊரில் கார் வைத்திருந்தால் விருந்தாளி வந்தாலே திருமலை உண்டு. அதனால் மலைப்பாதையை வைத்தும் பார்த்தேன். இறங்குவதற்குப் பயன்படும் பழைய பாதை 1944-ல் திறந்தது. திட்டம் வகுத்ததில் விசுவேசுவரய்யாவுக்குப் பங்குண்டு. ஏறக்குறைய 19 கிலோமீட்டர், முப்பதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதற்கு 1974-ல் இரண்டாவது பாதை வந்தது. அலிபிரியில் நேரம் குறித்துக் கொடுப்பார்கள். ஏற 28 நிமிடம், இறங்க 40 நிமிடம் என்று தேவஸ்தானம் வைத்த கணக்கு. அதற்கு முன்னால் வந்து சேர்ந்தால் அபராதம். பத்தொன்பது கிலோமீட்டரை நாற்பது நிமிடத்தில் இறங்கினால் சராசரி வேகம் மணிக்கு முப்பதைக்கூடத் தொடாது.

அந்த வேகத்தில் அகல டயரின் வளைவுப் பிடிமானம் எதற்கு? அங்கே தேவை வேறு. இரண்டாவது கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்து வைக்க வேண்டும், பிரேக் சூடாகாமல் இருக்க வேண்டும். விட்டம் கூடிய சக்கரம் கியர் விகிதத்தையே மாற்றிவிடும். ஏறும்போது இழுவை குறையும், இறங்கும்போது இன்ஜினின் பிடி தளரும். கனமான சக்கரம் பிரேக்குக்குக் கூடுதல் வேலை வைக்கும். ஐந்து பேரும் பெட்டிகளுமாக இறங்கும்போது இந்த வித்தியாசத்தை நான் கையில் எடுத்துக்கொள்ள விரும்பவில்லை. மதனப்பள்ளி போகும்போது பாகராப்பேட்டை மலைப்பாதைக்கும், பலமநேர் பக்கம் மொகிலி இறக்கத்துக்கும் இதே கணக்குதான்.

சட்டமும் இன்சூரன்சும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து பதிவுப் புத்தக விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கொன்றில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று 182ஏ பிரிவும் வந்தது. அலாய் வீல் போட்ட எல்லோரையும் பிடித்து உள்ளே வைக்கப் போகிறார்கள் என்று நான் பயமுறுத்தவில்லை. அதே மாடலின் மேல் ரகத்துக்குக் கம்பெனியே கொடுத்த அளவைப் போட்டால் விவாதத்துக்கே இடமில்லை. சக்கர வளைவுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் வீல் போட்டால் செக்போஸ்ட்டில் நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டும். நாம் ஒரு மணி நேரத்தில் வேலூருக்குள் நுழைந்துவிடுகிற ஆட்கள், இரண்டு மாநிலத்துக்கும் விளக்கம் தயாராக இருக்க வேண்டும்.

இன்சூரன்ஸை யாரும் யோசிப்பதில்லை. வெளியே வாங்கிய அலாய்க்குக் காப்பீடு வேண்டும் என்றால் பாலிசியில் 'மின்சாரமல்லாத துணைப்பொருள்' என்று மதிப்போடு சேர்க்கச் சொல்ல வேண்டும். டயருக்கோ, வழக்கமான பாலிசியில் வண்டிக்கும் சேர்த்து அடிபட்டால்தான் பணம், அதுவும் மாற்றும் விலையில் பாதி. குழியில் விழுந்து டயர் மட்டும் வீங்கினால் உங்கள் பாக்கெட்தான். தனியாக டயர் பாதுகாப்பு என்று கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால் வேறு விஷயம். மெல்லிய பக்கச்சுவரோடு இந்த விதியைச் சேர்த்துப் படித்தால் பதினேழின் உண்மையான விலை தெரியும்.

கடைக்குப் போனால் கேட்க வேண்டியவை

எந்த அளவு போட்டாலும் இவற்றைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஸ்விஃப்ட்டுக்கு நாலு நட்டு, 100 மில்லிமீட்டர் வட்டம், நடுத்துளை 54.1. வெளிச்சந்தை அலாய் பல வண்டிகளுக்குப் பொருந்தும்படி நடுத்துளையைப் பெரிதாக வைத்திருப்பார்கள். இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட வேண்டும். அது இல்லாமல் மாட்டினால் நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் நிற்காது.

ரிம்மின் ஆஃப்செட், அதாவது ஈடி என்று பொறித்திருக்கும் எண், கம்பெனி எண்ணுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அது ரொம்பக் குறைந்தால் சக்கரம் வெளியே நகரும். முழு ஸ்டீயரிங் ஒடித்தால் பம்பரில் உரசும், பேரிங்குக்கும் சுமை கூடும்.

பழைய இரும்பு டிஸ்க்கின் நட்டு புதிய அலாய்க்குச் சரியாக உட்காருகிறதா என்று கேளுங்கள். கூம்பு முகமா, உருண்டை முகமா என்பது பொருந்த வேண்டும். மாட்டிய பிறகு சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி இறுக்கச் சொல்லுங்கள்.

டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 15633 என்ற எண்ணும் இருக்கும். பக்கத்திலேயே நாலு இலக்கத்தில் தயாரித்த வாரமும் வருடமும் இருக்கும். 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம். கோடையில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில் கிடங்கில் கிடந்த பழைய டயரைத் தள்ளுபடி விலையில் வாங்காதீர்கள். நம் பக்கத்திலேயே டயர் செய்கிறார்கள். வரதய்யபாளையம் அருகே சின்னபண்டூருவில் அப்போலோ டயர்ஸ் ஆலை 2020 ஜூனில் உற்பத்தியைத் தொடங்கியது. அப்போது அது சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரலில் மாவட்டத்தைப் பிரித்தபோது ஆலை திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டது. அரக்கோணத்தில் எம்ஆர்எஃப். இத்தனை பக்கத்தில் ஆலைகள் இருந்தும் கடையில் விலை மட்டும் எல்லா ஊரையும் போலத்தான்.

கடைசியாக ஸ்டெப்னி. பெரும்பாலானோர் நாலு அலாய் மட்டும் வாங்கிவிட்டு டிக்கியில் பழைய இரும்பை விட்டுவிடுகிறார்கள். புதிய டயரின் மொத்த விட்டம் பழையதுக்குப் பக்கத்தில் இருந்தால் அவசரத்துக்கு அது போதும். பதினாலுக்கும் பதினஞ்சுக்கும் வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டருக்குள். அலாய்க்கான நட்டு ஸ்டெப்னிக்குப் பொருந்தாமல் போகலாம், பழைய நட்டுகளையும் ஒரு பையில் போட்டு டிக்கியில் வையுங்கள்.

முடிவு

பதினேழு வேண்டாம். பக்கச்சுவர் போகிறது, சுமைத் திறன் குறைகிறது, உயரம் கிடைப்பதில்லை, குழியில் அடிபட்டால் காப்பீடும் கை கொடுக்காது. அழகு ஒன்றுதான் மிச்சம், அதை நான் வண்டிக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டு பார்க்கப் போவதில்லை.

பதினாறு கெட்ட யோசனை அல்ல. பலேனோவுக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவு, விட்டமும் பொருந்துகிறது. ஆனால் அது பலேனோவின் அளவு, என் ரக ஸ்விஃப்ட்டின் அளவு அல்ல. நெடுஞ்சாலையே கதி என்று இருப்பவர் யோசிக்கலாம். மாந்தோப்புக்கும் கிராமத்துக்கும் போகிற எனக்கு அந்த 25 மில்லிமீட்டர் வேண்டும்.

நான் போடப் போவது 185/65 R15. இதே வண்டியின் மேல் ரகத்துக்கு மாருதியே கொடுத்த அளவு. அகலம் 20 மில்லிமீட்டர் கூடுகிறது, சுமைத் திறன் கூடுகிறது, பக்கச்சுவரில் போவது 12 மில்லிமீட்டர் மட்டும். மீட்டர் மாறாது, சட்டச் சிக்கல் இல்லை, ஸ்டெப்னி பழையதே போதும். ரிம்மில் மிச்சமாகும் பணத்தை நல்ல டயரில் போடுகிறேன். மீதி இருந்தால் சீட் கவர்.

பதினாலிலேயே இருக்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் எந்தக் குறையும் இல்லை. அதே அளவில் ஒரு படி மேலான டயர் வாங்கி, அலைன்மென்ட் பார்த்து, காலையில் டயர் ஆறியிருக்கும்போது காற்று சரிபார்த்து ஓட்டினாலே, இத்தனை நாள் பெரிய வீலிடம் எதிர்பார்த்ததில் பாதி கிடைத்துவிடும். எதை வாங்குவதாக இருந்தாலும் முதலில் டிரைவர் கதவைத் திறந்து அங்கே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். எந்த டயர், எவ்வளவு காற்று என்று வண்டியைச் செய்தவன் அதில் எழுதியிருக்கிறான். மேல் ரகத்தின் அளவு வரை போங்கள், அதைத் தாண்டாதீர்கள்.